குறுணைக்குள் ஒரு குச்சி

மார்ச் 9

குறுணை கொட்டி முடித்தாயிற்று. மழலையர் பள்ளிக் கட்டடத்தைச் சுற்றி, அஸ்திவாரத்தை ஒட்டி, ஒரு சாண் அகலத்துக்கு வெட்டிய வாய்க்கால் முழுக்க என் கல்குறுணை. தரைக்கு அடியிலும் அதே குறுணையில் ஒரு படுகை. கரையான் மருந்து ஒரு சொட்டு கிடையாது.

வேலை பார்த்த காலமெல்லாம் கிரஷரில் சல்லடைக்கு முன்னால் நின்றவன் நான். கரையான் வாயால் கவ்வித் தூக்க முடியாத அளவுக்குப் பெரிசாக இருக்க வேண்டும். நெருக்கி இடித்தால் இடுக்கில் அது உடம்பை நுழைக்க முடியாத அளவுக்குச் சிறிசாகவும் இருக்க வேண்டும். இந்த இரண்டுக்கும் நடுவே ஓர் அளவு இருக்கிறது. அதைக் கண்டுபிடிக்க வீட்டுக்குப் பின்னால் கண்ணாடி ஜாடிகளில் கரையானை விட்டுப் பார்த்தேன். "ஊரெல்லாம் கோழி வளர்க்குது, எனக்கு வாய்ச்சவரு கரையான் வளர்க்கறாரு" என்று தெய்வானை வீட்டுக்கு வருகிற ஒறம்பரை சொந்தங்களிடம் எல்லாம் சொல்லிச் சிரிப்பாள். கட்டின பெண்டாட்டியே சிரித்தால் ஊர் சிரிக்காதா?

எத்தனை இன்ஜினியர் வீட்டுப் படி ஏறியிருப்பேன். "மருந்தை ஊத்துனா சோலி முடிஞ்சுதுங்க பெரியவரே" என்பார்கள். மருந்து சில வருடத்தில் மண்ணோடு போய்விடும், மறுபடி தரையைத் துளைத்து ஊற்ற வேண்டும், பக்கத்தில் கிணறு இருக்கிறது, குழந்தைகள் அந்தத் தரையில்தான் படுத்துத் தூங்கும் என்று சொன்னால் கேட்க ஆள் இல்லை. நான் எட்டாவது தாண்டவில்லை, அதுதான் காரணம். பள்ளிக் கமிட்டித் தலைவி லோகாம்பாள் டீச்சர் ஒருவர்தான் காது கொடுத்தார்.

கமிட்டியின் இன்ஜினியர் பர்வீன் சின்ன வயதுப் பெண். மரியாதையான பெண்தான். ஆனால் கேள்வி கேட்காமல் இருக்க மாட்டாள்.

"ஐயா, நீங்க பக்கத்துல இருக்கற வரைக்கும் சரி. நாளைக்கு இந்தக் குறுணையில யாராச்சும் ஒரு கம்பை நட்டுட்டா?"

"எவன் நடுவான்?"

"யாரோ ஒருத்தர். செடி வெப்பாங்க, பந்தல் போடுவாங்க. மேல சிலாப் போட்டு மூடிரலாமுங்களா?"

சிலாப்புக்கு அடியில் நடப்பது கண்ணுக்குத் தெரியாது, திறந்தே கிடக்கட்டும் என்றேன். புத்தியுள்ளவன் எவனும் நட மாட்டான் என்றும் சொன்னேன்.

அதைச் சொல்லி முடிக்கவில்லை, கொத்தனார் வெள்ளிங்கிரி மட்டம் பார்க்க அடித்த முளைக்குச்சி ஒன்று வாய்க்காலுக்குள்ளேயே நின்றுகொண்டிருந்ததைப் பார்த்துவிட்டேன். எல்லோர் முன்னாலும் அவனைப் பிடித்துக்கொண்டேன். "இது குச்சியில்லப்பா, கரையானுக்கு நீ வெச்ச ஏணி. குறுணையைக் கடிக்க முடியாது, மரத்தைக் கடிச்சு மரத்துக்குள்ளயே மேல வந்துரும்." அவன், "மறந்துட்டனுங்ணா" என்று பிடுங்கி எறிந்தான். கூட இருந்த ஆட்கள் சிரித்தார்கள். சிரிக்கட்டும், அப்போதுதான் புத்தி வரும்.

மார்ச் 11

மாட்டுக்கு வயிறு சரியில்லை. ஓமத்தண்ணீர் கொடுத்தேன். குறுணை மேல் யாரும் வண்டி ஏற்றவில்லையே என்று போய்ப் பார்த்துவிட்டு வந்தேன்.

ஏப்ரல் 27

திறப்பு விழா. இன்று நடந்ததை எழுதாமல் தூங்க மாட்டேன்.

கமிட்டிக்காரர்கள் பேனர் அடித்திருந்தார்கள். அதில் என் படம். படத்துக்குக் கீழே, "மருந்தில்லாக் கரையான் தடுப்பு: கல்குறுணை நாச்சிமுத்து". கல்யாணத்துக்குப் பிறகு என் படம் இவ்வளவு பெரிதாக எங்கும் வந்ததில்லை. அதை வேலிக் கம்பியில் கட்டச் சொல்லியிருந்தார்கள். வேலியில் கட்டினால் வருகிறவன் முதுகைக் காட்டிக்கொண்டு போவான். வாசலை ஒட்டி நின்றால்தான் உள்ளே நுழைகிற ஒவ்வொருவர் கண்ணிலும் படும். அதனால் விடிந்ததும் நானே போனேன். எங்கள் மாட்டுக்கொட்டாயில் சாத்தியிருந்த சவுக்குக் குச்சிகள் இரண்டை வண்டியில் போட்டுக்கொண்டேன். வாழைமரமும் அதிலேயே கட்டிவிடலாம் அல்லவா.

வாசலுக்கு எதிரில் கடப்பாறை இறங்கவில்லை. சித்திரை வெயிலில் மண் இரும்பாகக் கிடக்கிறது. சுவரை ஒட்டி இளக்கமாக இருந்தது.

தெய்வானை வாழைமரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "ஏனுங், இதுல நடலாமுங்களா? அந்தக் கொத்தனாரை அன்னைக்கு அந்தப் பேச்சுப் பேசினீங்களே?"

"ஒரு நாள் சோலி. பொழுதோட பிடுங்கிப் போடப் போறேன். நீ மரத்தை நேராப் பிடி."

மில்காரர் ஒருவர் வந்து ரிப்பன் வெட்டினார். மைக்கில் என் பெயரைச் சொன்னார்கள். லோகாம்பாள் டீச்சர் சால்வை போர்த்தினார். முன்பு எனக்குக் காபிகூடக் கொடுக்காத இன்ஜினியர் ஒருவர் பேனருக்கு முன்னால் நின்று, படத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். போதும்.

ஏப்ரல் 28

வாழைமரம் மாட்டுக்கு. வலப்பக்கக் குச்சி வந்துவிட்டது. இடப்பக்கத்துக் குச்சி வரவில்லை. கல்லால் அடித்து இறக்கியது, குறுணை சுற்றிலும் இறுகிக் கவ்விக்கொண்டது. அவ்வளவு நன்றாக இடித்திருக்கிறோம் என்று ஒரு பக்கம் சந்தோஷம்தான். ஆட்டி ஆட்டிப் பிடுங்கினால் குறுணை கலைந்துவிடும். தரை மட்டத்துக்கு வாளால் அறுத்து, மேலே நாலு கை குறுணை அள்ளிப் போட்டேன். நிதானமாக எடுத்துக்கொள்ளலாம்.

ஜூன் 12

பள்ளி திறந்து குழந்தைகள் வரத் தொடங்கிவிட்டன. மழையும் பிடித்துவிட்டது. முழங்கால் வலி. வெள்ளிங்கிரியைக் கூப்பிட்டால் கம்பியைக் கொடுத்து ஒரு நொடியில் நெம்பி எடுத்துவிடுவான். அவனை எப்படிக் கூப்பிடுவது?

ஜூலை 20

மழை. கொட்டாய்க் கூரை ஒழுகுகிறது. பள்ளிக்கூடப் பக்கம் போகவில்லை.

ஆகஸ்ட் 18

காலையில் லோகாம்பாள் டீச்சர் போன் செய்தார். "அண்ணா, சித்த வந்துட்டுப் போங்க" என்றார். குரலே சரியில்லை.

வாசல் நிலையின் இடது காலில், கீழிருந்து முழங்கால் உயரத்துக்கு மண்கோடு. சுரண்டினால் உள்ளே வெள்ளை வெள்ளையாய்க் கரையான் ஓடுகிறது. நிலையைத் தட்டினால் பொத்துப் பொத்தென்று சத்தம். பிள்ளைகள் சுற்றி நின்று வேடிக்கை பார்க்கின்றன. ஒரு பொடிசு, "தாத்தா, இது உங்க பூச்சியா?" என்று கேட்டது.

"மருந்துக்காரரை வரச் சொல்லியிருக்கறேனுங்ண்ணா. தரையெல்லாம் துளை போட்டு ஊத்தோணுமாம். நாலு நாள் லீவு விட்டுரலாம்னு இருக்கறேன்" என்றார் டீச்சர்.

கிணறு இருக்கிறது என்றேன். தெரியும் என்றார். நாளைக்கு ஒரு நாள் பொறுங்கள், தோண்டிப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றேன். குறுணை தோற்காது.

ஆகஸ்ட் 19

தோண்டினேன். கமிட்டிக்காரர்கள், பர்வீன், வெள்ளிங்கிரி எல்லோரும் நின்றார்கள். புதிதாகக் கட்டப்போகும் சாப்பாட்டுக் கூடத்துக்குக் கயிறு பிடித்து அளவு போட வெள்ளிங்கிரி வந்திருந்தான். அந்த வேலையும் அவனுக்குத்தான் என்று பேசி முடித்திருந்தார்கள்.

குறுணைக்குள் ஒரு சவுக்குக் கட்டை. மேல் தோல் அப்படியே இருக்க, உள்ளே தேன்கூடாட்டம் அரித்துக் கிடந்தது. அதன் வழியாகத்தான் மேலே வந்திருக்கிறது. சுற்றிலும் இருந்த குறுணையில் ஒரு கரையான்கூட இல்லை. இதை அங்கேயே எல்லோருக்கும் காட்டினேன். குறுணை தோற்கவில்லை, ஆள் செய்த தப்பு என்றேன்.

"யாரு பண்ணுனது?" என்று டீச்சர் கேட்டார்.

வெள்ளிங்கிரியின் சாரமும் சவுக்குதான். நான் அவனைப் பார்த்தேன். அவ்வளவுதான் செய்தேன். எல்லோரும் அவனைப் பார்த்தார்கள்.

"என்னுதில்லீங்ணா" என்றான். "சாரக் குச்சியெல்லாம் வாடகைக் கடைச் சரக்குங்க. ஒரு துண்டு குறைஞ்சாலும் கடைக்காரன் என்னைய விடுவானுங்களா? முழுக் குச்சியத்தான திருப்பிக் குடுத்தேன்."

"மார்ச்சுல வாய்க்கால்ல குச்சிய விட்டியா இல்லியா? நான் சொல்லித்தான பிடுங்குனே? நான் பார்க்காத போது எத்தனை விட்டியோ?"

 குச்சி விட்டது உண்மைதானே. நான் சொன்னதில் ஒரு சொல்கூடப் பொய் கிடையாது.

பர்வீன் மட்டும் கட்டையைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ஒன்றும் கேட்கவில்லை.

மருந்து வேண்டாம் என்று டீச்சர் ஒத்துக்கொண்டார். அந்த இடத்தில் புதுக் குறுணை கொட்டி இடித்துவிட்டேன். நிலைக்காலை மாற்ற வேண்டும். கூடத்து வேலை வெள்ளிங்கிரிக்கு இல்லை என்றும் அங்கேயே முடிவாயிற்று. "பிள்ளைங்க இருக்கற இடம், கவனமில்லாத ஆளு வேண்டாம்" என்றார் டீச்சர். அவன் கயிற்றைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு போனான். மட்டப்பலகையை மறந்து வைத்துவிட்டுப் போய், திரும்பி வந்து எடுத்துக்கொண்டான்.

கட்டையை வீட்டுக்குக் கொண்டுவந்து அடுப்பில் வைத்தேன். ஈரம், புகைந்து தள்ளியது. தெய்வானை கண்ணைத் துடைத்துக்கொண்டே, "நம்ம கொட்டாய்க் குச்சியாட்ட இருக்குதுங்" என்றாள்.

"எல்லாச் சவுக்கும் ஒண்ணாட்டந்தான் இருக்கும்."

 சோறு போட்டுவிட்டு, எப்போதும்போல் பக்கத்தில் உட்காராமல் வெளியே போய்விட்டாள்.

ஆகஸ்ட் 20

குழந்தைகள் படுக்கிற தரையில் விஷம் இறங்காமல் காப்பாற்றியிருக்கிறேன். தடுப்பை வைத்தவனே அதில் ஓட்டை போட்டான் என்று வெளியே தெரிந்தால் இந்த ஜில்லாவில் இனி எவனாவது குறுணை கொட்டுவானா? வெள்ளிங்கிரிக்கு என்ன, கொத்து வேலை தெரிந்தவனுக்கு ஆயிரம் இடம்.

ஆகஸ்ட் 31

சொசைட்டிக்குப் பால் ஊற்றப் போகையில் பார்த்தேன். வெள்ளிங்கிரி முதல் பஸ்ஸில் பாலக்காட்டுப் பக்கம் போகிறான். அங்கே யாரோ ஒரு மேஸ்திரியிடம் கையாள் வேலையாம். மண்வெட்டி பிடித்துக் கலவை போடுகிற வேலை. இந்தப் பக்கம் அவனை யாரும் கூப்பிடுவதில்லையாம். நிழற்குடையில் சோற்றுப் பையை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தான். எப்போதும் எழுந்து "வாங்ணா" என்பவன், இன்று எழுந்திருக்கவில்லை. எனக்குக் கோபம்தான் வந்தது. வயதுக்காவது மரியாதை வேண்டாமா?

பாலைக் கொண்டுபோய் ஊற்றாமல் பாதி வழி திரும்பி வந்துவிட்டேன். எதற்குத் திரும்பினேன் என்று தெரியவில்லை. மறுபடி போனேன்.

செப்டம்பர் 8

வரைந்துகொண்டிருக்கிறேன். கூடத்துக்கும் குறுணைதான் போடப் போகிறார்கள். அதற்குத் தடுப்பை இன்னும் கெட்டியாக்க வேண்டும். ஆள் நல்லவனாக இருப்பான் என்று நம்பி ஒரு தடுப்பை வைக்கக் கூடாது. ஆள் தப்பு செய்வான். அவசரத்தில் செய்வான், பெருமையில் செய்வான். அப்படிச் செய்தாலும் தாங்குகிறாப்போல இருக்க வேண்டும்.

குறுணை மேல் சின்னச் சின்னக் கல்பலகை, வேண்டுமானால் தூக்கிப் பார்க்கலாம். பலகை மேல் கடப்பாறை இறங்காது. அதோடு, வாசலுக்கு இரண்டு பக்கமும், சுவரிலிருந்து இரண்டு எட்டுத் தள்ளி, கான்கிரீட்டில் இரும்புக் குழாய் புதைத்துவிட வேண்டும். வாய் மட்டும் மேலே தெரியும், மூடி போட்டிருக்கும். கம்பு நட வேண்டும் என்கிறவன் அதில் செருகிக்கொள்ளட்டும். இடம் இருந்தால் எவனும் குறுணையைத் தேடிப் போக மாட்டான்.

நல்ல யோசனை. ஐந்தாறு தாள் கிழித்துப் போட்டு வரைந்தேன். முடித்துப் பார்த்தபோது சந்தோஷம் வரவில்லை.

செப்டம்பர் 10

சந்தைக்குப் போன தெய்வானை சீக்கிரமே வந்துவிட்டாள். வெள்ளிங்கிரியின் சம்சாரம் எதிரில் வந்ததாம், இவளைப் பார்த்ததும் ரோட்டுக்கு அக்கட்டப் பக்கம் தாண்டிப் போய்விட்டதாம். "நானும் அந்த வாழைமரத்தைப் பிடிச்சுட்டுத்தான நின்னேன்" என்றாள் தெய்வானை. "எனக்கும் சேர்த்துத்தானுங் நீங்க வாயை மூடிட்டிருக்கறீங்க."

செப்டம்பர் 22

படத்தைப் பர்வீனிடம் கொண்டுபோனேன். நிதானமாகப் பார்த்தாள். பலகை நன்றாக இருக்கிறது என்றாள். அன்றைக்கு நான் சொன்னபோது வேண்டாமென்றீர்களே என்று குத்திக் காட்டவில்லை. குத்திக் காட்டியிருக்கலாம், நான் பதிலுக்குக் கத்தியிருப்பேன்.

விரல் இரும்புக் குழாயில் வந்து நின்றது.

"ஐயா, இது எதுக்குங்க?"

"கம்பு நட."

"என்ன கம்பு? சாரக் கம்புன்னா கட்டடம் முடிஞ்சதும் போயிரும். அதுக்கு நிரந்தரமாக் குழாய் வேண்டாமே."

நான் படத்தின் ஓரத்தை நீவினேன்.

"வாசலுக்கு அந்தப் பக்கம் ஒண்ணு, இந்தப் பக்கம் ஒண்ணு. மூடி போட்டு. எப்பவாச்சும் ஒரு நாளைக்கு நடற கம்பு." மெதுவாகத்தான் சொன்னாள், தனக்குத்தானே கணக்குப் போடுகிற மாதிரி. "வாழைமரத்துக்குங்களா ஐயா?"

"ஆமாம்" என்றேன்.

"பேனருக்கும்."

மேஜை மேல் ஈ ஒன்று உட்கார்ந்திருந்தது. அதை ஓட்டினேன்.

அவள் படத்தைச் சுருட்டி ரப்பர் பேண்ட் போட்டு என் கையிலேயே கொடுத்தாள். "இந்தக் குழாய் இல்லாம இந்த டிசைன் நிக்காதுங்க ஐயா. இதை எதுக்கு வெச்சோம்னு கமிட்டி கேட்கும். என்னால சொல்ல முடியாது. நீங்களே வந்து சொல்லுங்க."

குழாயை அழித்துவிட்டு மீதியைக் கொடுக்கலாம். வழியெல்லாம் அதைத்தான் யோசித்தேன். அழித்தால் கூடத்துத் திறப்பு விழாவில் எவனாவது ஒருவன் பலகையைத் தூக்கிவிட்டுக் குச்சி நடுவான். எனக்கு அது நிச்சயமாகத் தெரியும். அவனை எனக்கு ரொம்ப நன்றாகத் தெரியும்.

செப்டம்பர் 23

பால் கேனை வீட்டிலேயே வைத்துவிட்டு நிழற்குடைக்குப் போனேன். வெள்ளிங்கிரி உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் வேலைக்குப் போகிற ஆட்கள் கொஞ்சம் பேர், காய்கறிக்கூடையோடு இரண்டு பெண்கள்.

"வெள்ளிங்கிரி, அந்தக் குச்சி நான் நட்டது. திறப்பு விழாவுக்கு, பேனருக்கு. பிடுங்க வரலை, அறுத்துட்டேன். தோண்டின அன்னைக்கே எனக்குத் தெரியும்" என்றேன். தாழ்ந்த குரலில் சொல்லத்தான் நினைத்தேன். என் குரல் அப்படி, தாழாது.

அவன் என்னை நிமிர்ந்து பார்த்தான். முகத்தில் ஆச்சரியமே இல்லை.

"இதை எனக்கெதுக்குங்ணா சொல்றீங்க? நான் நடலைன்னு எனக்குத் தெரியாதுங்களா? தெரியாதவங்க கிட்டப் போய்ச் சொல்லுங்க."

கூடைக்காரப் பெண் ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டாள். ஓர் ஆள், "பெருசு போட்டோவுக்குக் கரையான் வந்து மாலை போட்டிருக்குதப்பா" என்றான். சிரிப்பு. நான் அங்கேயே நின்றேன். பஸ் வந்தது. வெள்ளிங்கிரி ஏறி, அந்தப் பக்கத்து ஜன்னலில் உட்கார்ந்துகொண்டார்.

செப்டம்பர் 26

கமிட்டியில் சொல்லிவிட்டேன். படத்தை விரித்து, குழாயில் தொடங்கி, எதற்கு இந்தக் குழாய் என்று சொல்லி முடித்தேன். நான் கேட்டுக்கொண்டபடி வெள்ளிங்கிரியை ஒரு நாள் வேலையை விட்டு வரச் சொல்லியிருந்தார்கள். கதவோரம் நின்றார்.

லோகாம்பாள் டீச்சர் படத்தை மடித்து வைத்தார். பிறகு, "உங்க குறுணையை நம்பினதுக்கு எனக்கு வருத்தமில்லீங்ண்ணா. உங்க வாயை நம்பி இந்த மனுசனை அனுப்புனேனே" என்றார். சால்வை போர்த்திய அதே கை, மேஜை மேல் இருந்த தண்ணீர் டம்ளரை என் பக்கம் தள்ளியது. குடிக்க முடியவில்லை.

கூடத்து வேலை மறுபடி வெள்ளிங்கிரிக்கு. டிசைனும் அப்படியே. ஒத்துக்கிறீங்களா என்று அவரிடம் கேட்டார்கள்.

"செய்யறேனுங்க டீச்சர். குறுணை நல்ல சரக்குத்தான், அதுல எனக்குச் சந்தேகமில்லை. ஆனா நான் வேலை செய்யற எடத்துக்குள்ள அவரு வரக் கூடாது. ரோட்டுல வேணும்னா நின்னு பார்க்கட்டும்."

என் குறுணை, என் டிசைன், நான் உள்ளே போகக் கூடாதாம். அப்படியெல்லாம் முடியாது என்று சொல்ல வாயெடுத்தேன். ஊரில் இத்தனை வருடத்தில் யாரும் எனக்கு இப்படி ஒரு நிபந்தனை போட்டதில்லை.

சரி என்றேன்.

அக்டோபர் 17

கூடத்துக்குக் குறுணை கொட்டுகிறார்கள். காலையிலிருந்து ரோட்டில் நிற்கிறேன். பர்வீன் நாற்காலி கொடுத்தனுப்பினாள், வேண்டாம் என்று திருப்பிவிட்டேன். நிழலுக்கும் போகவில்லை.

மூன்று பக்கம் நன்றாகத்தான் இடித்தார்கள். தெற்கு மூலையில் ஆட்கள் அவசரப்பட்டுவிட்டார்கள். குறுணை சரியாக இறங்கவில்லை என்று ரோட்டிலிருந்தே எனக்குத் தெரிந்தது. பலகையைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்கள். மேலே வைத்துவிட்டால் அப்புறம் ஒருவன் கண்ணுக்கும் தெரியாது. வேலிக் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன்.  கத்தியிருந்தால் கேட்டிருக்கும்.

வெள்ளிங்கிரி என் பக்கம் திரும்பவில்லை. பலகைக்காரர்களைக் கை காட்டி நிறுத்தினார். அந்த மூலையில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து உள்ளங்கையால் அழுத்திப் பார்த்தார். எழுந்து, இடிகட்டையைத் தானே வாங்கி, அந்த இடத்தை மறுபடியும் இடித்தார்.

நான் ஒன்றும் சொல்லாமலேதான்.